"சேமிக்கப்பட்டது" என்று புரோகிராம் பொய் சொல்லுமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முழுவதும் நம்பும் ஒரு செய்தி, "ஃபைல் சேமிக்கப்பட்டது" என்பது. அந்தச் செய்தி பொய்யாகவும் இருக்கலாம். அப்படிப் பொய் சொன்ன புரோகிராம் ஒன்றை எழுதியவனே நான்தான்.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில், சித்தப்பாவின் மளிகைக் கடைக்காக சி மொழியில் கடன் கணக்கு புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அன்றன்றைய கணக்கு பென் டிரைவில் உள்ள ஃபைலின் கடைசியில் சேரும். திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வந்ததும் சித்தப்பா துண்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஒருநாள் ஃபைலைத் திறந்தால் கடைசி ஒன்பது நாள் கணக்கு இல்லை. வீட்டில் யாரோ சினிமாப் படங்களை காப்பி செய்து பென் டிரைவை நிரப்பியிருந்தார்கள். "கம்ப்யூட்டர்தான் சொல்லிச்சேப்பா" என்றார் சித்தப்பா. கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொன்னது. என் புரோகிராம்தான் காதில் வாங்கவில்லை.

ரிட்டர்ன் வேல்யூ என்றால் என்ன?

ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஃபைலைத் திறக்க ஒன்று, எழுத ஒன்று, மூட ஒன்று என்று ஃபங்ஷன்களைக் கூப்பிடும். வேலை முடிந்ததும் பெரும்பாலான ஃபங்ஷன்கள் ஒரு பதிலைத் திருப்பித் தரும். இதுவே ரிட்டர்ன் வேல்யூ. பதிவுத் தபாலில் திரும்பி வந்த ஒப்புகை அட்டை போன்றது இது.

சி மொழியில் எஃப்ஓபன் ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் நல் என்ற வெற்று மதிப்பைத் தரும். எஃப்ரைட் எத்தனை பகுதிகளை எழுதியது என்ற எண்ணிக்கையைத் தரும். எஃப்குளோஸ் சரியாக மூடினால் 0 தரும்.

நான் எஃப்ஓபன் தந்த பதிலை மட்டும் பார்த்தேன். ஆனால் எஃப்ரைட் எழுதும் தகவல் உடனே பென் டிரைவுக்குப் போவதில்லை. மெமரியில் உள்ள பஃபரில் காத்திருக்கும். மூடும்போதுதான் மிச்சம் இருப்பது வெளியே போகும். எனவே "இடம் இல்லை" என்ற பதிலை எஃப்குளோஸ்தான் கொண்டு வந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

தானாகக் கண்டுபிடிப்பது எப்படி?

பல்லாயிரம் வரிகளில் இப்படி விட்டுப்போன இடங்களைக் கண்ணால் தேடுவது கஷ்டம். அதற்கென்றே கருவிகள் உள்ளன. இவை புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில்லை. எழுதியதைப் படித்தே சொல்லிவிடும். 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லின்ட் அன்றே இதைச் செய்தது. மூன்று வழிகளைப் பார்ப்போம்.

1. தனியாக நிற்கும் அழைப்பு: பதில் தரும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அந்தப் பதிலை எங்கும் வைக்காமல் விட்டால் எச்சரிக்கை வரும். ஆனால் திரையில் எழுதும் பிரின்ட்எஃப் கூட ஒரு பதில் தருகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் எச்சரித்தால் முக்கியமானது கூட்டத்தில் மறைந்துபோகும்.

2. குறி போடுவது: "இதன் பதிலைக் கட்டாயம் பார்" என்று ஃபங்ஷனை எழுதியவரே குறி போட்டுவிடலாம். ஜி.சி.சி. கம்பைலரில் 2004-ல் வந்த 3.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. சி++ மொழியில் 2017-ன் தரத்தில் நோடிஸ்கார்ட் என்ற பெயரில் இது சேர்ந்தது. குறி இல்லாத ஃபங்ஷன் என்றால் கம்பைலர் பேசாமல் இருந்துவிடும்.

3. பழக்கத்தைப் பார்ப்பது: ஒரு ஃபங்ஷனை 50 இடங்களில் கூப்பிட்டு 48 இடங்களில் பதிலைச் சோதித்திருந்தால், மீதி 2 இடங்கள் சந்தேகத்துக்கு உரியவை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் இந்த யோசனையை லினக்ஸ் போன்ற பெரிய புரோகிராம்களில் பயன்படுத்திக் காட்டினார்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். பதிலைப் பார்த்தாயா என்றுதான் கருவி கேட்கும். பார்த்த பிறகு சரியானதைச் செய்தாயா என்பதை மனிதன்தான் கவனிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் நடந்தது

இது மளிகைக் கணக்கோடு போவதில்லை. ஆண்ட்ராய்டு போனை கம்ப்யூட்டருடன் இணைத்து வேலை செய்ய ஏ.டி.பி. என்ற சேவை உண்டு. அது ரூட் என்ற முழு அதிகாரத்துடன் துவங்கி, பிறகு செட்யுஐடி ஃபங்ஷன் மூலம் சாதாரண யூசராக இறங்கிவிட வேண்டும். ஒரு யூசருக்கு இத்தனை புராசஸ்தான் என்று லினக்ஸில் வரம்பு உண்டு. அந்த வரம்பை வேண்டுமென்றே நிரப்பிவிட்டால் அன்றைய லினக்ஸில் செட்யுஐடி தோற்றுவிடும். ஏ.டி.பி. அந்தப் பதிலைப் பார்க்காததால் முழு அதிகாரத்துடனேயே ஓடியது. 2010-ல் இந்த ஓட்டையை வைத்து போனில் ரூட் அதிகாரம் பெறும் புரோகிராமே வெளிவந்தது. பதிலைச் சோதித்து, தோற்றால் நின்றுவிடச் செய்வதுதான் இதற்குத் தீர்வு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* புரோகிராம்களுக்கு வரும் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். இத்தகைய ஓட்டைகள் அவற்றில்தான் அடைக்கப்படுகின்றன.
* பென் டிரைவில் காப்பி செய்த பிறகு, இரண்டு ஃபைல்களின் அளவும் ஒன்றா என்று பிராப்பர்டீஸில் பாருங்கள். முக்கியமான ஃபைல் என்றால் ஒருமுறை திறந்தும் பாருங்கள்.
* பென் டிரைவை அப்படியே உருவாதீர்கள். இஜெக்ட் கொடுத்து, அனுமதி வந்த பின் எடுங்கள்.

சித்தப்பாவின் புரோகிராமில் இப்போது எஃப்ரைட், எஃப்குளோஸ் இரண்டின் பதிலையும் பார்த்த பிறகே "சேமிக்கப்பட்டது" என்று வரும். அந்த ஒன்பது நாள் கடனில் பாதியை வாடிக்கையாளர்களே நினைவு வைத்து வந்து கொடுத்தார்கள். மீதி வரவில்லை. சித்தப்பா இன்றும் ஒரு வாரம் கழித்துத்தான் சீட்டுகளைக் கிழிக்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லை.