உயிர் இரைக்கு ஒரு ரீல்

தூண்டில் வளைவின் கற்கள் மேல் நின்று, மடவை ஒன்றை உயிரோடு முள்ளில் மாட்டிக் கடலில் விடுகிறீர்கள். ராடைக் கல் இடுக்கில் சாய்த்துவிட்டு டீ குடிக்கத் திரும்பும்போது பாரை வந்து இரையைக் கவ்வுகிறது. டிராக், அதாவது ஸ்பூலைப் பிடித்திருக்கும் பிடி, இறுக்கமாக இருந்தால் மீன் அந்த இழுப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். பெரிய மீன் என்றால் ராடே கடலுக்குள் போய்விடும். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. ராடு போன அதிகாலையில் அதன் அடிக்கட்டை கல்லில் இரண்டு முறை தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கையாலேயே தூண்டில் போடும் மீனவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தங்கூசியை ஆள்காட்டி விரலில் தாங்கியிருப்பார்கள். இரை துடிப்பது வேறு, பெரிய மீன் கவ்வி நகர்வது வேறு என்று விரலுக்குத் தெரியும். கவ்வியதும் விட்டுக்கொடுத்து, மீன் விழுங்கியதும் இறுக்குவார்கள். உயிர் இரை ரீலில் அந்த விரலின் வேலையைச் செய்வது இரண்டாவது டிராக். ரீலின் பின்பக்க லீவரைத் தள்ளினால் முன்பக்கப் பெரிய டிராக் விலகிக்கொள்ளும். பெயில் மூடியிருந்தாலும் ஸ்பூல் லேசான பிடியில் சுழன்று நூலை விடும். அந்தப் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் பின்னால் ஒரு சிறு திருகு உண்டு. கைப்பிடியைச் சுற்றியதும் லீவர் தானாக விழுந்து பெரிய டிராக் பிடித்துக்கொள்ளும். பலரும் இந்த வகை முழுவதையும் ‘பைட்ரன்னர்’ என்றே சொல்கிறார்கள். அது ஷிமானோ வைத்த பெயர். பென் இதையே ‘லைவ் லைனர்’ என்று விற்கிறது.

வாங்கும் முன் எங்கே, எந்த மீனுக்கு என்று முடிவு செய்யுங்கள். முகத்துவாரத்தில் உயிர் இறால் போட்டுக் கொடுவா பிடிக்க 4000 அளவு போதும். தூண்டில் வளைவிலிருந்து மடவை விட்டுப் பாரைக்குக் காத்திருப்பவருக்கு 6000. படகில் போய் வஞ்சிரம், கடல்விரால் தேடுபவர் 8000 பக்கம் பார்க்கலாம். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவரின் 6000 இன்னொருவரின் 5000 அளவுதான் இருக்கும். அதனால் எண்ணை விட்டுவிட்டு, ஸ்பூலில் எவ்வளவு நூல் கொள்ளும் என்று பாருங்கள். கல்மேட்டில் நிற்பவருக்கு 30 பவுண்டு பிரெய்டு 250 மீட்டராவது வேண்டும். இரையை விட்டுவிட்டுக் காத்திருக்க மட்டும்தான் என்றால் முழுக்கத் தங்கூசியே போடலாம். அதன் இழுபடும் தன்மை மீன் திடீரென்று திமிறும்போது கைகொடுக்கும். லூர் வீசி மீன் பிடிப்பவருக்கு இந்த ரீலே வேண்டாம். இரண்டாவது டிராக்கின் எடையை நாள் முழுக்கச் சும்மா சுமக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘அதிகபட்ச டிராக்’. 30 பவுண்டு நூல் சுமார் 13.5 கிலோ தாங்கும். டிராக்கை அதில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் வைப்பதுதான் வழக்கம். அதாவது மூன்றரை முதல் நாலரை கிலோ. இருபது கிலோ டிராக் என்று காட்டும் ரீலில் அந்த இருபதை நீங்கள் ஒரு நாளும் பயன்படுத்தப் போவதில்லை. டிராக் சீராக வழுக்குகிறதா என்பதே முக்கியம். ஃபெல்ட்டைவிட கார்பன் வாஷர் வெப்பத்தைத் தாங்கும். கியர் விகிதம் 5:1 பக்கத்தில் இருந்தால் போதும். உயிர் இரையை யாரும் வேகமாகச் சுற்றி இழுப்பதில்லை.

என் கணக்கில் இந்த ரீலின் உயிரே அந்தப் பின் திருகுதான். கடைக்குப் போகும்போது பத்து மீட்டர் தங்கூசி, கொஞ்சம் டேப், ஒரு காலி தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். கடை ஸ்பூல் வெறுமையாக இருக்கும், முடிச்சு வழுக்கும். அதனால் நூல் முனையை டேப்பால் ஒட்டிவிட்டுச் சுற்றுங்கள். பாட்டிலில் கால் லிட்டர் தண்ணீர் விட்டு நூலில் தொங்கவிடுங்கள். லீவரைத் தள்ளிவிட்டு, பாட்டில் அசையாமல் நிற்கும்வரை பின் திருகை இறுக்குங்கள். பிறகு ஒரு கிளிக், இன்னொரு கிளிக் என்று தளர்த்துங்கள். பாட்டில் மெதுவாக, ஒரே சீராக இறங்க வேண்டும். நின்று நின்று குதித்தால் அந்த ரீல் வேண்டாம். கவ்விய மீனுக்கு அந்தக் குதிப்பு அப்படியே போய்ச் சேரும். தண்ணீரைப் பாதியாக்கியும் ஒரு முறை, பாட்டிலை நிரப்பியும் ஒரு முறை பாருங்கள். சில ரீல்களில் திருகின் முதல் சுற்று முழுக்க ஒன்றுமே மாறாது, கடைசிக் கால் சுற்றில் எல்லாம் இறுகிவிடும். நீவாடு (கடல் நீரோட்டம்) பலமான நாளில் அதை வைத்துக்கொண்டு திண்டாடுவீர்கள்.

பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைச் சுற்றுங்கள். லீவர் ‘டக்’கென்று விழ வேண்டும், பாட்டில் அதே நொடி நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். ஒரு முறை வழுக்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லீவரைக் கையால் பழைய நிலைக்குத் திருப்பினாலும் சுலபமாக விழ வேண்டும்.

பிறகு உப்பு. பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்து பேரிங் துருப்பிடிப்பதைவிட நன்றாக மூடிய ஐந்து மேல். பின்பக்க அமைப்பில் சின்னச் சின்ன பாகங்கள் நிறைய, உப்புநீர் புகுந்தால் அவை இறுகிவிடும். அதனால் ரப்பர் சீல் உள்ள ரீலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அலுமினிய உடல் வளையாது, ஆனால் பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பூக்கும். கிராஃபைட் அரிக்காது, பெரிய மீனுக்குக் கொஞ்சம் நெளியும். கைப்பிடி அச்சில் நேராகத் திருகி மாட்டுவதாக இருந்தால் ஆட்டம் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பூலின் அடியில் சில சுற்று தங்கூசி போட்டு, அதன் மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். வெறும் ஸ்பூலில் பிரெய்டு மொத்தமாக வழுக்கும். முன் டிராக்கை வில் தராசில் மாட்டி இழுத்து மூன்றரை கிலோவில் வையுங்கள்.

கடலில் இரையை விட்டபின், மடவை தானாக நூலை இழுக்க முடியாத அளவுக்கு மட்டும் பின் திருகை இறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். ரொம்பவும் தளர்த்தினால் மீன் இழுத்து நிறுத்தும்போது ஸ்பூல் தொடர்ந்து ஓடிப் பிரெய்டு சிக்கிக்கொள்ளும். வேட்டை மீன் நெருங்கினால் மடவை பதறும், ஸ்பூல் ‘டிக் டிக்’கென்று விட்டு விட்டுச் சுழலும். ராடைத் தொடாதீர்கள். ஸ்பூல் நிற்காமல் ஓடத் தொடங்கியதும் ராடைக் கையில் எடுத்து, முனையை மீன் போகும் திசைக்கு நீட்டி, மூன்று எண்ணுங்கள். பிறகு கைப்பிடியைச் சுற்றுங்கள். சர்க்கிள் முள் போட்டிருந்தால் வெட்டி இழுக்கக் கூடாது. நூல் இறுகும்போது முள் தானாக வாயோரத்தில் ஏறிவிடும்.

திரும்பி வந்ததும் இரண்டு டிராக்கையும் இறுக்கிக்கொண்டு, நல்ல தண்ணீரைச் சாரலாகத் தெளித்துக் கழுவுங்கள். வாளியில் முக்கவோ குழாயின் அழுத்தத்தில் பிடிக்கவோ வேண்டாம். நிழலில் உலர்த்தி, நூல் உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு டிராக்கையும் முழுக்கத் தளர்த்தி வையுங்கள். அடுத்த முறை கிளம்பும் முன் வில் தராசை மறுபடி எடுங்கள்.