கடை மாடியில் அழகு நிலையம்: முதல் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

மளிகை வியாபாரிக்கும் அழகு நிலையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் போய்விட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் நம் கடை மாடியைப் பியூட்டி பார்லர் வைக்க வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். நம் வீட்டிலேயே மகளோ மருமகளோ பயிற்சி முடித்துவிட்டு, "நாமே வைத்தால் என்ன?" என்கிறார். நகையை அடகு வைத்து முதல் போடுமுன், இந்தத் தொழிலின் கணக்கை நாம் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

சாஷே சொல்லும் பாடம்

நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு சாஷேக்களை நாம் எல்லோரும் அறிவோம். சாதாரணக் கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் பொருள் இருக்க வேண்டும் என்று எண்ணி, ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்றவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கினார். சிக் ஷாம்பு அங்கிருந்து வந்தது. அதுவே பின்னர் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது.

அதே குடும்பத்தில் இன்னொரு மகன் சி.கே. குமரவேல். அவருடைய மனைவி வீணா 2000ஆம் ஆண்டு சென்னை காதர் நவாஸ்கான் சாலையில் முதல் நேச்சுரல்ஸ் அழகு நிலையத்தைத் திறந்தார். அக்காலத்தில் ஒரு பக்கம் பெரிய ஓட்டல்களுக்குள் இருந்த ஆடம்பர நிலையங்கள்; மறுபக்கம் வீட்டு முன்னறையில் நடந்த பார்லர்கள். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் தயங்காமல் நுழையும்படி இரண்டுக்கும் இடையில் ஒன்று தேவைப்பட்டது. அதை அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்று உரிமக் கிளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நடத்துபவர்கள் பெண்கள். சாஷேயும் சலூனும் சொல்வது ஒன்றுதான்: வாடிக்கையாளரின் பணப்பைக்கு ஏற்ற அளவில், தெரிந்த விலையில், திரும்பத் திரும்ப வரும்படி விற்க வேண்டும்.

நம் ஊர் வாடிக்கையாளர் யார்?

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானதில் தொடங்கி, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என ஆலைகள் வரிசையாக வந்தன. அண்மைக் காலத்தில் பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கை பெரிதும் கூடியிருக்கிறது. போச்சம்பள்ளி அருகே உள்ள ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை முழுவதும் பெண்களால் நடத்தப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பணிபுரிபவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள்.

இவர்களுக்குக் கல்யாண அலங்காரத்தைவிட, மாதம் ஒரு முறை புருவம் திருத்தவும் முடி வெட்டவும்தான் இடம் தேவை. ஷிப்ட் முடிந்து வருபவருக்குக் கடை திறந்திருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை விட்டால் வாரத்தின் நல்ல வியாபாரமே போய்விடும். விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ளலாம். விலைப் பட்டியல் சுவரில் தெரிய வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. வடமாநிலப் பெண்களும் வருகிறார்கள். வேலையாட்களை எடுக்கும்போது இதையும் பார்க்க வேண்டும்.

நாற்காலிக் கணக்கு

துவரம் பருப்பு இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். நாற்காலி இன்று ஒரு மணி நேரம் காலியாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தை நாளை விற்க முடியாது. இந்தத் தொழிலில் நம் சரக்கு நேரம்தான்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வாடகை 15,000 ரூபாய், இரண்டு பேர் சம்பளம் 30,000, மின்சாரமும் தண்ணீரும் 5,000, கடன் தவணை 8,000, சில்லறைச் செலவு 2,000. ஆக மாதம் 60,000 ரூபாய். இரண்டு நாற்காலி, நாளுக்கு 10 மணி நேரம், 26 நாள் என்றால் 520 நாற்காலி மணி நேரம். அதில் பாதிதான் நிரம்புகிறது என்றால் 260. நிரம்பும் ஒவ்வொரு மணி நேரமும் பொருள் செலவு போக 231 ரூபாய் ஈட்டினால்தான் கைமுதல் கரையாது.

600 ரூபாய் ஃபேஷியலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, கிரீம் முதலிய செலவு 200 என்றால், மணிக்கு நிற்பது சுமார் 267. 50 ரூபாய்க்குப் புருவம் திருத்த 10 நிமிடம் என்றால், தொடர்ந்து ஆள் இருக்கும் ஒரு மணி நேரத்தில் 300. நூலைத் தவிர செலவில்லை. ஆகவே சிறு வேலையை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சிறு துளிதான் பெருவெள்ளம். வாடகை சொந்தக் கட்டடம்தானே என்று கணக்கில் விடவும் கூடாது. வெளியாருக்கு விட்டால் வரும் தொகையைச் செலவாகவே எழுத வேண்டும். கண்ணாடிக்கும் விளக்குக்கும் முழு முதலையும் கொட்டாமல், ஆறு மாதச் செலவைத் தனியே வைத்துவிட்டுத் திறப்பதே பாதுகாப்பு.

வரியில் மறைந்திருக்கும் பள்ளம்

நம்மில் பலர் கவனிக்காத இடம் இது. பொருள் மட்டும் விற்கும் வியாபாரிக்கு நம் மாநிலத்தில் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். சேவைக்கு வரம்பு 20 லட்சம். 30 லட்சம் விற்றுமுதல் உள்ள, பதிவு செய்யாத மளிகைக்காரர் தம் பெயரிலேயே பார்லரும் தொடங்கினால், 40 லட்சம் வரம்பை இழக்கிறார். 20 லட்சம் வரம்புக்குள் வந்துவிடுகிறார். பான் எண் ஒன்று என்றால் இரண்டு கடையின் விற்றுமுதலும் கூடும். வரியில்லாப் பொருள்களின் விற்பனையும் அதில் சேரும்.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், முந்தைய ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரைதான் சேவை செய்யலாம். மகளோ மருமகளோ தம் முதலில், தம் பான் எண்ணில், தம் வங்கிக் கணக்கில் உண்மையாகவே தனித் தொழிலாக நடத்தினால் அவருக்கு வரம்பு தனி. பெயருக்கு மட்டும் மாற்றி எழுதுவது பின்னால் வம்பில் முடியும். தொடங்குமுன் கணக்காளரைக் கேட்டுவிட வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பெங்களூரில் கொள்முதல் செய்யும் கிரீமுக்கும் நாற்காலிக்கும் கட்டிய வரி நம் செலவாகவே நிற்கும். விலை போடும்போது அதைச் சேர்க்க வேண்டும். அத்திப்பள்ளியிலிருந்து வாடிக்கையாளர் வந்தாலும், வேலை நடப்பது இங்கே என்பதால் வரி நம் மாநிலக் கணக்குதான்.

கை சுத்தம், கடை சுத்தம்

மளிகையில் ஒரு கிலோ அரிசி கெட்டால் மாற்றிக் கொடுக்கலாம். முகத்தில் பட்ட புண்ணை மாற்றித் தர முடியாது. தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாது. முதன்முறை சாயம் போடுபவருக்குக் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகே போட வேண்டும். பிளேடு ஆளுக்கு ஒன்று புதிதாக. துண்டு ஒருவருக்கு ஒரு முறை. இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கு ஒரே பிளேடு போதும். காலாவதித் தேதி பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதான். அதை மாடியிலும் செய்ய வேண்டும்.

வேலை செய்யும் பெண்கள் நின்றே களைப்பவர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. வாடிக்கையாளர் தேடி வருவது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கைக்காகத்தான். அவர் விலகினால் வாடிக்கையும் அவரோடு போகும். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பது இந்தத் தொழிலில் முதலைக் காப்பதற்குச் சமம்.

அகலக்கால் வைக்காமல், இரண்டு நாற்காலியில் தொடங்குவோம். தினமும் இரவு கல்லாவை எண்ணும்போது, எத்தனை மணி நேரம் நாற்காலி நிரம்பியது என்றும் நோட்டில் எழுதுவோம். மூன்று மாத நோட்டைப் பார்த்தாலே, மூன்றாவது நாற்காலி போடலாமா என்பது தெரிந்துவிடும்.