ஊர்தியில் குளிர்சாதனப் பெட்டி: வாயுவா, மின்சாரமா?

கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. படுக்கையும் சமையலறையும் கொண்ட அத்தகைய ஊர்தி ஒன்று கொச்சியில், மட்டாஞ்சேரியில் நிற்பதாகக் கொள்வோம். அருகிலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய ஒரு கிலோ அயிலை மீன் அதில் இருக்கிறது. விரைவில் குளிர்விக்காவிடில், பாக்டீரியாக்களின் செயலால் அம்மீனில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. மீனை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கொணர, அதிலிருந்து சுமார் 90 கிலோஜூல் உஷ்ணத்தை நீக்க வேண்டும்.

இதற்குரிய பெட்டிகள் இருவகைப்படும். முதல் வகையில் மோட்டாரால் இயங்கும் அமுக்கி உண்டு. இரண்டாம் வகை உறிஞ்சு முறைப் பெட்டியாகும். 1922-இல் ஸ்வீடன் நாட்டு மாணவர்களான பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இருவர் இதனை அமைத்தனர். இதில் உஷ்ணத்தால் அமோனியா நீரினின்று பிரிகிறது, குளிர்ந்து திரவமாகிறது, ஹைட்ரஜன் வாயுவுடன் கலந்து ஆவியாகும்போது பெட்டியின் உஷ்ணத்தைக் கவர்கிறது, இறுதியில் நீரில் மீண்டும் கரைகிறது. அசையும் உறுப்பு எதுவும் இல்லை. எரிவாயுச் சுடர், மின்சூடேற்றி ஆகிய எதுவும் இதனை இயக்கும்.

ஆயினும் உறிஞ்சு முறைப் பெட்டி, அளிக்கப்படும் உஷ்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே குளிர்விக்கும். ஆகவே நம் மீனுக்கு 450 கிலோஜூல் தேவை. இது சுமார் 10 கிராம் எரிவாயுவில் கிடைக்கும். இதனையே மின்சாரத்தால் பெற்றால், அனல் மின்நிலையம் தன் எரிபொருளில் சுமார் மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுவதால், அங்கு 1,350 கிலோஜூல் செலவாகும். அமுக்கிப் பெட்டிக்கோ சுமார் 60 கிலோஜூல் மின்சாரமே போதும்; மின்நிலையச் செலவு 180 கிலோஜூல்தான். எனவே மின்சாரம் உள்ளவிடத்தில் அமுக்கியே சிக்கனமானது; மின்சாரம் இல்லாவிடத்தில் வாயுச் சுடரே தக்கது.

உறிஞ்சு முறைப் பெட்டி வைத்திருப்போர் சில விதிகளைக் கடைப்பிடித்தல் நலம். ஊர்தி சமதளத்தில் நிற்க வேண்டும்; சாய்ந்தால் திரவவோட்டம் தடைபட்டுக் கொதிகலம் கெடும். நிறுத்திய ஊர்தியின் மின்கலத்தால் சூடேற்றியை இயக்குதல் கூடாது. 12 வோல்ட்டில் 120 வாட் சூடேற்றி 10 ஆம்பியர் ஈர்க்கும். 100 ஆம்பியர்-மணி மின்கலம் 10 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஊர்தி ஓடும்போது எரிவாயுவை மூடிவிட வேண்டும். சுடர் நீலமாக இராமல் மஞ்சளாயின், எரிதல் முழுமையாக இல்லை என்றும் நச்சான கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம் என்றும் அறிக. எரிவாயு காற்றினும் கனமானதாகையால், கசிந்தால் தரையில் தேங்கும். அதற்குத் தாழ்வான வெளிவழி வேண்டும்.

கொச்சிக் காற்றில் ஈரம் மிகுதி. கதவைத் திறக்குந்தோறும் உட்புகும் நீராவி, ஒரு கிராம் குளிர்ந்து நீராகும்போது ஏறக்குறைய 2.5 கிலோஜூல் உஷ்ணத்தை உள்ளே விடுகிறது. எந்த வகைப் பெட்டியாயினும், கதவைக் குறைவாகத் திறப்பதே செலவில்லாச் சிக்கனம்.