7-ஐ 2-ஆல் வகுத்தால் என்ன வரும்?



மலரில் கவிதைக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன். தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மூன்றரை என்று நம் தெருப் பையன் சொல்லிவிடுவான். பைத்தான் மொழியைக் கேட்டால்தான் தகராறு. பைத்தான் 2-இல் விடை 3. பைத்தான் 3-இல் 3.5. அதே வரி, அதே எண்கள், விடை மட்டும் வேறு!

நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் உருவாக்கிய மொழி இது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் பைத்தான் 2.0 வந்தது. 2008 டிசம்பரில் வந்த 3.0, பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே வெளியிடப்பட்டது. 2-க்கு 2015 வரைதான் ஆயுள் என்றவர்கள், உலகம் மாறத் தயங்கியதைப் பார்த்து 2014-இல் கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். 2020 ஏப்ரலில் வந்த 2.7.18-தான் கடைசி.

"அதான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்குடா இந்தக் கதை?" என்று கேட்பீர்கள். மொழிக்குத்தான் ஆயுள் முடிந்தது, அதில் எழுதிய புரோகிராம்களுக்கு முடியவில்லை. எங்கள் லேபில் சீனியர்கள் விட்டுப்போன இன்டர்னல் மார்க் புரோகிராம் ஒன்று உண்டு. அதைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை என்னிடமும் என் நண்பனிடமும் வந்தது. அதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெர்ஷன் மாறும்போது வரும் மாற்றங்களில் சில கத்தும், சில வாயே திறக்காது. பிரிண்ட் கத்துகிற ஜாதி. 2-இல் அதற்கு அடைப்புக்குறி வேண்டாம். 3-இல் போடாவிட்டால் புரோகிராம் ஓடவே மறுக்கும், எந்த வரி என்றும் சொல்லிவிடும். இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. பைத்தானுடன் வந்த 'டூ டு த்ரீ' என்ற கருவியே பாதிக்கு மேல் திருத்திக் கொடுத்துவிடும்.

வகுத்தல் அப்படியல்ல. அந்தக் கருவி வகுத்தல் குறியைத் தொடாது. இரண்டு பக்கமும் முழு எண்ணா, தசமமா என்று புரோகிராமை வெறுமனே படித்து அதற்குத் தெரியாதே! இப்போது இதைப் பாருங்கள். ஒருவனுக்கு இரண்டு தேர்வுகளில் 39, 40. சராசரி பைத்தான் 2-இல் 39. பைத்தான் 3-இல் 39.5, அதை ரவுண்டு செய்தால் 40. பாஸுக்கு 40 வேண்டும் என்றால், எந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டினோம் என்பதை வைத்து அவன் பாஸா அரியரா என்று முடிவாகிறது. எரர் ஒன்றும் வராது. லிஸ்ட் அழகாக பிரிண்ட் ஆகி நோட்டீஸ் போர்டுக்குப் போய்விடும்.

இன்னொரு இடத்தில் சீனியர் சாமர்த்தியமாக 2-க்குப் பதில் 2.0 என்று எழுதியிருந்தார். அப்படி எழுதினால் பழைய பைத்தானும் தசமம் தரும். சரி, தப்பித்தோம் என்று பார்த்தால் அடுத்த வரியில் 'ரவுண்ட்' நிற்கிறது! 24.5-ஐ ரவுண்டு செய்தால் 2-இல் 25 வரும். 3-இல் 24 வரும். ஆனால் 23.5 இரண்டிலுமே 24 ஆகும். அதாவது, புதிய பைத்தானில் 23.5 வாங்கினவனுக்கும் 24.5 வாங்கினவனுக்கும் ஒரே மார்க். இது பிழை இல்லை. சரியாக அரை வந்தால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது இந்த முறை. எல்லா அரையையும் மேலே தள்ளினால் நீண்ட கணக்கில் கூட்டுத்தொகை வீங்கிவிடும், அதைத் தடுக்கத்தான் இப்படி. ஆயிரக்கணக்கான தொகைகளுக்கு அது நியாயமாக இருக்கலாம். அரை மார்க்கை இழந்தவனிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள்!

சரி, எந்த விடையை வைத்துக்கொள்வது? பழையது சொன்னதுதான் சரி என்றால், 39.5-ஐ அது 39 ஆக்கியதே? எங்கள் சாரிடம் கேட்டோம். "அரை வந்தால் மாணவனுக்குத்தான்ப்பா" என்றார். அது புரோகிராமில் எங்கும் எழுதப்படவில்லை. அதனால் எந்த வெர்ஷனின் குணத்தையும் நம்பாமல், இரண்டிலும் ஒரே விடை தரும் மாதிரி எழுதினோம்: இரண்டு மார்க்கையும் கூட்டி, 1 சேர்த்து, இரட்டைச் சாய்கோட்டால் வகுப்பது. (39+40+1)//2 என்றால் 40. 24.5-க்கு (49+1)//2, அதாவது 25. முழு எண் வகுத்தலுக்கான இந்த இரட்டைச் சாய்கோடு 2001-இல் வந்த 2.2-இலேயே இருக்கிறது. இரண்டு பைத்தானுக்கும் பொதுவான நிலம் என்று இதைச் சொல்லலாம்.

இப்படிப் பொதுவான நிலத்தில் நிற்க மொழியே சில வசதிகள் செய்து தந்தது. 'ஃபியூச்சர்' என்பதிலிருந்து 'டிவிஷன்' என்பதை இம்போர்ட் செய்து முதலில் ஒரு வரி போட்டால், பழைய பைத்தானும் 7-ஐ 2-ஆல் வகுத்து 3.5 என்று சொல்லும். எதிர்காலத்திலிருந்து இறக்குமதி, பெயரைப் பார்த்தீர்களா! பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய 'சிக்ஸ்' என்ற லைப்ரரியும் உண்டு. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அதனால் அந்தப் பெயர்.

தமிழில் பெயர் அச்சிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? நமக்கு மூன்று எழுத்து. யூடிஎஃப்-8-இல் சேமித்த சாதாரண ஸ்டிரிங்காக பைத்தான் 2 எண்ணினால் 15, ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 எண்ணினால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பத்து இடத்தில் பெயரை வெட்டு என்று பழைய புரோகிராமில் இருந்தால், நான்காவது குறியின் நடுவில் கத்தி விழும், கேள்விக்குறியோ கட்டமோதான் தெரியும். பழைய பைத்தானில் ஸ்டிரிங்கின் முன்னால் 'யு' போட்டால் இது தீரும். அந்த 'யு'வை 3.0-இல் எடுத்துவிட்டார்கள். இரண்டிலும் ஓடும்படி எழுத முடியவில்லையே என்று புரோகிராமர்கள் புலம்ப, 2012-இல் 3.3-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2-ஐ விட்டு 3-க்கு வந்தாச்சு, நிம்மதி என்றும் இருக்க முடியாது. 2018-இல் வந்த 3.7-இல் 'அசிங்க்' என்பது ஒதுக்கப்பட்ட சொல்லானது, அதை வேரியபிள் பெயராக வைத்திருந்தவை நின்றுபோயின. 2023-இல் 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' போனது. மேலே சொன்ன 'டூ டு த்ரீ' கருவியையே 2024-இல் 3.13-இலிருந்து எடுத்துவிட்டார்கள்! இவற்றுக்கெல்லாம் எச்சரிக்கை முன்கூட்டியே வரும், ஆனால் பெரும்பாலும் மறைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஓட்டும்போது மைனஸ், பெரிய டபிள்யூ, 'டிஃபால்ட்' என்று கொடுத்தால் வெளியே தெரியும்.

நாங்கள் கடைசியாகச் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. முந்தைய செமஸ்டர் லிஸ்ட் முழுவதையும் பழைய புரோகிராமில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிட்டோம். வித்தியாசம் வந்த ஒவ்வொரு பெயரையும் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதற்காகவே லேபின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் 2.7-ஐ வைத்திருக்கிறோம். பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராது என்பதால் நெட் ஒயரைப் பிடுங்கியாச்சு. உங்களிடம் சீனியர்களின் பழைய புராஜெக்ட் ஏதாவது இருந்தால் பென்டிரைவில் கொண்டு வாருங்கள், இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.