நாலு வட்டிக் கடன்

அன்பு மகள் யாழினிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் ரூபாய் நிற்கிறது, மினிமம் டியூ மாதம் தவறாமல் கட்டிவருகிறேன், இதற்கு மேல் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நம் ஊரில் ஒருவர் கடன் வாங்கினால் பெரியவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வட்டி?" என்பதுதான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்று வட்டி என்றாலே முகம் சுளிப்பார்கள். அந்தப் பழைய அளவுகோலை உன் கார்டின் மேல் வைத்துப் பார். பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3 முதல் 3.75 சதவீதம் வரை போகிறது. உன்னுடையதை 3.5 என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. ஆக, நீ பட்டிருப்பது நாலு வட்டிக் கடன். இதே வட்டிக்குத் தெருமுனையில் ஒருவர் பணம் தருவதாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகமாட்டாய். பிளாஸ்டிக் அட்டையாகவும் செல்போன் செயலியாகவும் வந்ததால் அதன் பெயர் மறைந்துபோயிற்று. பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால், என்ன செய்வது என்ற குழப்பத்தில் பாதி தானாகத் தீரும்.

முதலில் அந்த மினிமம் டியூ. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் ஸ்கோரில் தவணை தவறியதாகப் பதியாது. அதற்கு மேல் அதனால் பெரிய பயன் இல்லை. மினிமம் என்பது பொதுவாக மொத்த பாக்கியில் 5 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாத வட்டியும் வரியுமாக 4,130 ரூபாய் ஏறுகிறது. 1,04,130-இல் 5 சதவீதமாக நீ கட்டுவது சுமார் 5,206. கடன் உண்மையில் குறைவது 1,076 ரூபாய்தான். அடுத்த மாதம் பாக்கி சற்றுக் குறைவதால் மினிமமும் சற்றுக் குறையும். அதற்கேற்ப அசல் கரைவதும் மெதுவாகும். கார்டை ஒரு முறைகூடத் தேய்க்காமல் இப்படியே கட்டிவந்தாலும் ஒரு லட்சம் பாக்கி ஐம்பதாயிரமாகக் குறைய 64 மாதங்கள் ஆகும். அதற்குள் நீ கட்டியிருப்பது ஏறக்குறைய 2 லட்சத்து 42 ஆயிரம். அசல் ஏறிக்கொண்டே போகாதபடி மினிமம் தொகையை வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு நெறிமுறைகளில் சொன்னது. அசல் ஏறாது என்பதற்குத்தான் அந்த விதி காவல். சீக்கிரம் இறங்கும் என்பதற்கு அல்ல. இதே 5,206 ரூபாயை, வங்கி கேட்கும் தொகை குறைந்தாலும் நீ குறைக்காமல் கட்டிவா: 39 மாதங்களில் கடன் முடிகிறது. 10,000 கட்டினால் 14-ஆம் மாதம் ஒரு சிறு தொகையோடு கணக்கு தீரும். மொத்த வட்டி சுமார் 31,700. ஆகவே எவ்வளவு கட்டுவது என்பதை ஸ்டேட்மென்ட் தீர்மானிக்க விடாதே. தொகையை நீ முடிவு செய்து, சம்பளம் வந்த மறுநாளே கட்டிவிடு.

அதோடு கார்டையும் ஓரமாக வைக்க வேண்டும். முழு பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாத அவகாசம். பாக்கி வைத்தவர்களுக்கு அது கிடையாது. இன்று வாங்கும் காய்கறிக்கும் இன்றிலிருந்தே நாலு வட்டி ஓடும். "ரிவார்டு புள்ளிகள் கிடைக்கின்றனவே" என்பாய். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாயைக்கூடத் தாண்டாதவை. ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டு மாதம் நாலு ரூபாய் கொடுப்பது வியாபாரமாகாது. ஒரு கார்டிலிருந்து பணம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டும் ரொட்டேஷன் இதைவிட மோசம். கார்டில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணம் உண்டு, அவகாசம் ஒரு நாளும் இல்லை.

இனி, கையில் இருக்கும் சேமிப்பு. வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது, அதை உடைக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதே அளவுகோலை அங்கேயும் வை. வருடம் 7 சதவீதம் என்றால் அது அரை வட்டிக்குச் சற்றே மேல். வங்கிக்கு அரை வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, வங்கியிடமே நாலு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறாய். ஒரு லட்சம் வைப்புத்தொகை வருடத்துக்கு 7,000 தருகிறது. ஒரு லட்சம் கார்டு பாக்கி அதே வருடத்தில் 49,560 தின்கிறது. முன்கூட்டியே முறித்தால் வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ பிடிப்பார்கள். இந்த வித்தியாசத்துக்கு முன் அது தூசு. வட்டி ஆசை முதலுக்குக் கேடு என்ற பழமொழி உன் வைப்புத்தொகைக்குத்தான் பொருந்துகிறது. மாதாந்திர எஸ்.ஐ.பி.யும் அப்படித்தான். ஆண்டுக்கு 49 சதவீதம் உறுதியாகத் தரும் முதலீடு எங்கும் கிடையாது. கார்டு கடனை அடைப்பது மட்டுமே அதற்கு ஈடு. கடன் தீரும்வரை எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வை.

"திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்?" இது நியாயமான கேள்வி. அதற்காக ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வை. மீதியைக் கார்டில் கட்டு. அப்படியும் பெரிய செலவு வந்து கார்டைத் தொட நேர்ந்தால், இன்றைய நிலைக்குத் திரும்புவாய், அவ்வளவே. இடைப்பட்ட மாதங்களின் வட்டி மிச்சம். வங்கி உன் லிமிட்டை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம் என்பதால்தான் அந்த ஒரு மாதப் பணத்தைக் கையிலேயே வைக்கச் சொல்கிறேன்.

சேமிப்பு போதாவிட்டால் கடனை இடம் மாற்றலாம். வங்கி நகைக்கடன் ஏறக்குறைய ஒரு வட்டி. பர்சனல் லோன் உன் சம்பளத்தையும் ஸ்கோரையும் பொறுத்து ஒன்று முதல் ஒன்றரை வட்டி. ஒரு லட்சத்தை ஒரு வட்டிக்கு மாற்றி மாதம் 10,000 கட்டினால் 11 மாதத்தில் முடியும். மொத்த வட்டி 6,000-க்கும் குறைவு. நகையை அடகு வைப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று உன் அம்மா வருத்தப்படலாம். நகை பெட்டியில் பத்திரமாக இருக்க, மாதம் நாலாயிரம் ரூபாய் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அது மட்டும்தான் வேறுபாடு. ஆனால் இதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. கடனை மாற்றியதும் கார்டு காலியாகத் தெரியும்; மறுபடி தேய்க்கக் கை துடிக்கும். அப்போது ஒரு கடன் இரண்டாகும். கார்டை மூட உறுதி இல்லை என்றால் நகையைத் தொடாதே. பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியே அழைத்தாலும் ஒரே கேள்விதான்: பிராசசிங் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துக் குறையும் பாக்கியின் மேல் எத்தனை வட்டி? ஃபிளாட் ரேட்டில் பதில் வந்தால் அதை ஏற்காதே. அது உண்மை வட்டியை ஏறக்குறைய பாதியாகக் காட்டும்.

"இவ்வளவு வட்டியைச் சட்டம் கேட்காதா?" என்று உனக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வங்கிக் கார்டு அதன் கைக்கு எட்டாது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டியைக் குறைக்க நீதிமன்றத்தை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. மரியாதையைக் காக்க மட்டும் விதிகள் உண்டு. வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. புகார் கொடுத்து 30 நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. "செட்டில்டு" என்று கடன் அறிக்கையில் பதியும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரே நிற்கும். வேலை போய், கட்டவே வழியில்லாதவர்களுக்கான கடைசிக் கதவு அது. உனக்குச் சம்பளம் வருகிறது.

அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் மினிமம் டியூ இருக்கும் கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் "நாலு வட்டி" என்று எழுதி வை. வைப்புத்தொகை, நகை, எஸ்.ஐ.பி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வட்டியை எழுது. எதிலிருந்து எடுத்து எதை அடைப்பது என்பதை அந்தத் தாளே சொல்லும். கணக்கு ஒத்துவராத இடத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா