ஈயம் இரண்டு



ரசம் வைக்கும் ஈயச் செம்பைச் சிலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். தூண்டில் நரம்பில் கட்டும் ஈயக் குண்டையும் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் ஈயம் என்றே அழைக்கிறோம். ஆயினும் முன்னது வெள்ளீயம், பின்னது காரீயம். இவை வெவ்வேறு உலோகங்கள். இவ்வேறுபாட்டை நாம் வகுப்பில் விளக்காமல் விட்டதால் நேர்ந்ததை இங்குக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சிறு தேர் செய்ய முற்பட்டோம். கட்டை விரல் நகமளவு சக்கரங்கள் பதினாறு வேண்டியிருந்தன. ஒவ்வொன்றாகச் செதுக்கினால் ஒன்றுபோல் மற்றொன்று அமையாது. ஆகவே ஒரு சக்கரத்தைச் செதுக்கி, அதற்கு அச்சு எடுத்து, மற்றவற்றை வார்த்துக்கொள்வது எனத் தீர்மானித்தோம். எதைக்கொண்டு வார்ப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் மெழுகுவர்த்தியை உருக்கி வார்த்தோம். சக்கரம் அழகாக வந்தது. பிற்பகல் வெயில் சன்னல் வழியே விழுந்ததும் வளைந்துவிட்டது. பின்னர்ப் பாரிஸ் சாந்தை ஊற்றினோம். கெட்டியான அச்சிலிருந்து எடுக்கும்போதே ஆரங்கள் முறிந்தன. அன்று வகுப்பில், “ஈயம் குறைந்த வெப்பத்தில் உருகும், நுண்ணிய வார்ப்புக்கு ஏற்றது” என்று கூறினோம். மறுநாள் ஒரு மாணவன் பால் டின் ஒன்றை நீட்டி, “ஐயா, ஈயம் உருக்கிக் கொண்டு வந்திருக்கிறேன்” என்றான். உள்ளே உறைந்து கிடந்தது அவன் தந்தையாரின் தூண்டில் குண்டு. வீட்டு அடுப்பிலேயே உருக்கியிருக்கிறான்! அவன்மீது குற்றமில்லை. நாம் “ஈயம்” என்றோம். அவனும் ஈயத்தையே கொண்டு வந்தான்.

காரீயம் நஞ்சாகும். அதன் தூசும் புகையும் உடலிற் சேர்ந்தால் சிறுவரின் மூளை வளர்ச்சி குன்றும். இவ்வளவு சேர்ந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. அதைக் கண்டறிவது எளிது. காரீயம் கனமானது, ஒரே பருமனுள்ள வெள்ளீயத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையிருக்கும். தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். வெள்ளீயக் கம்பியை வளைத்தாலோ ‘கிறீச்’ என்று ஒலி எழும்.

வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும், காரீயம் 327 பாகையிலும் உருகும். செம்புக்கு 1085 பாகை வேண்டும். பட்டர்வொர்த்தில் 1902ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் அமைத்த உருக்காலையில் உருக்கப்பட்டது வெள்ளீயமே என்பதை மாக் மண்டின் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

அப்படியாயின் காரீயத்தை எவரும் வார்த்ததில்லையா? வார்த்தார்கள்; நம் தமிழே அதில்தான் அச்சேறியது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியனவாதலால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சிறிய எழுத்துகளை அங்கேயே வார்க்க முனைந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளின் காரீய உறைகளையே உருக்கினராம்! பொருள் தேர்வில் இதனினும் சுவையான செய்தி நாம் அறிந்ததில்லை. தனிக் காரீயம் மென்மையானது; அழுத்தத்தில் நசுங்கும். ஆதலின் பிற்கால அச்சுக்கூடங்களில் அதனுடன் ஆண்டிமணியையும் வெள்ளீயத்தையும் கலந்தனர். ஆண்டிமணி உறுதி தந்து, ஆறும்போது சுருங்குவதைக் குறைத்தது. வெள்ளீயம் குழம்பை நுண்ணிய மூலைகளிலும் ஓடச் செய்தது.

உருகிய உலோகம் எதுவாயினும் அது சிறுவர் கைக்கு உரியதன்று. அச்சில் சிறிது ஈரமிருந்தாலும் அது நீராவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். எனவே வெள்ளீயத்தையும் விலக்கினோம். மீண்டும் பாரிஸ் சாந்தையே நாடினோம். குறை சாந்தில் இல்லை, அச்சில்தான் என்பது அப்போது புரிந்தது.

நம் நாட்டு ரப்பர்ப் பால் கைகொடுத்தது. அம்மோனியா சேர்த்த பாலைச் செதுக்கிய மரச் சக்கரத்தின்மீது மெல்லப் பூசி, உலர்ந்தபின் மீண்டும் பூசி, இவ்வாறு பத்து முறை பூசினோம். மூலவுருவைச் செம்பிலோ பித்தளையிலோ செய்தலாகாது. செம்பு ரப்பரைக் கெடுக்கும். ஆரங்களுக்கு இடையே வெளி விடாமல், தட்டின்மீது புடைத்திருக்குமாறு மரத்தையும் மாற்றிச் செதுக்கினோம். காய்ந்த ரப்பர் அச்சு காலுறைபோல் உரிந்து வந்தது.

சாந்து கலக்கும்போது நீரில் மாவைத் தூவ வேண்டும். மாவில் நீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஊற்றியபின் அச்சை மெதுவாகத் தட்டினால் காற்றுக் குமிழிகள் மேலே வரும். சாந்து இறுகும்போது வெப்பம் எழும். 2007இல் இங்கிலாந்தில் தன் கைகளையே அச்செடுக்கச் சாந்தில் புதைத்த 16 வயது மாணவி ஒருவர் விரல்கள் பலவற்றை இழந்தார். ஆகவே கை, கால் எதையும் அதில் புதைக்காதீர்கள்.

இருபது சக்கரங்கள் வார்த்தோம். மூன்று குமிழி விழுந்து பழுதாயின. ஒன்று கீழே விழுந்து உடைந்தது. எஞ்சிய பதினாறும் தேரில் ஏறின. தூண்டில் குண்டையும் அந்தப் பால் டின்னையும் பொதியாகக் கட்டி, அம்மாணவனின் தந்தையாரை அழைத்து, செய்தியைச் சொல்லி ஒப்படைத்தோம்.