கல்பாக்கத்தில் ஸ்டெல்லைட்டை ஏன் ஒதுக்கினார்கள்?

எங்கள் வாசலூர்பட்டியில் கலப்பைக் கொழு தேய்ந்தால் கொல்லுப்பட்டறைக்குப் போகும். எங்க வீட்டில் தெரிந்த உலோகவியல் அவ்வளவுதான். நினைத்தவுடன் கழற்றிப் பழுதுபார்க்க முடியாத இடமும் உண்டு என்பதை வெல்டிங் பாடத்தில்தான் அறிந்தேன்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமப்பது திரவ சோடியம். கருவை விட்டு வரும்போது சுமார் 547 டிகிரி செல்சியஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் ஆக்சைடு படலம் அந்தச் சோடியத்தில் நிலைப்பதில்லை. அப்புறம் என்ன, உரசும் இரு பரப்புகளும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். வெல்டரே இல்லாத வெல்டிங்!

அதனால் அந்த இடங்களில் கடினமான கலவையை வெல்டிங் மூலம் பூசுகிறார்கள். இதுதான் ஹார்டுஃபேஸிங். வழக்கமான ஸ்டெல்லைட்டில் பாதிக்கு மேல் கோபால்ட். நியூட்ரான் பட்டால் அது கோபால்ட்-60 ஆகிக் காமா கதிர் வீசும்; பாதியாகக் குறையவே 5.27 ஆண்டுகள். பராமரிப்புக்கு ஸ்பேனரோடு இறங்குகிறவர் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்தானே?

எனவே நிக்கல் சார்ந்த கோல்மோனாய் வந்தது. அது லேசில் மசியாது. சூடேற்றாமல் பூசினால் விரிசல் விடும். பூசியபின் மெல்ல ஆறவிட வேண்டும். அடி உலோகத்தின் இரும்பு மிகுதியாகக் கலந்தாலோ பூச்சின் கடினம் குறையும். நாம் பரீட்சைக்கு மட்டும் படிக்கும் டைலூஷன் இதுதான். அது குறைவாக இருக்கும் என்பதால்தான் பிளாஸ்மா ஆர்க் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.